மாடி ஹாலில் யாரும் ஆடவில்லை

காவல் வேலையிலிருந்து என்னை வழியனுப்பிய அன்று நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் எழுதியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டைச் சுற்றிக் காட்டுகிற நீங்கள் ஆறு பேரும் கடைசிவரை படிக்க வேண்டும்.

இந்த வீட்டைப் பற்றி வெளியே தொங்கும் பலகையில் எழுதியிருப்பது உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். பலகையில் இல்லாததைச் சொல்கிறேன்.

வீட்டைக் கட்டியது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. தருவைகுளம் போகும் ரோட்டுக்கு மேற்கே அப்போதெல்லாம் நிலாவரைத் தோட்டம். நிலாவரை இலை பேதி மருந்து. இங்கே பறித்து, காயவைத்து, மூட்டை கட்டி, தூத்துக்குடியில் கப்பலேற்றுவார்கள். ஊரில் கேலியாகச் சொல்வார்கள், சீமையில் உள்ளவனுக்கு வயிறு கழுவக் கட்டின வீடு என்று. தீவுப் பக்கம் கடலில் வெட்டி எடுத்த பவளப்பாறைக் கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டினார்கள். கீழே ஒரு பெரிய ஹால், அதற்கு நேர் மேலே அதே அளவில் மாடி ஹால். மாடி ஹாலுக்கு மட்டும் பதினெட்டு ஜன்னல்.

என் அம்மா கல்யாணத்துக்கு முன்பு அந்த மாடியில் வேலை செய்தவள். பச்சை இலையை வெயிலில் போட்டால் கருத்துவிடும். நிழலில், காற்றில் உலர வேண்டும். அதற்காகத்தான் அத்தனை ஜன்னல். இலைக்கு என்ன கனம் இருக்கிறது? அதனால் பனை உத்திரங்களை எட்ட எட்டப் போட்டு மேலே பலகை பரப்பிவிட்டார்கள். "நாலு பொம்பளைக்கு மேல ஏறுனா கங்காணி கத்துவான். அந்த நாலு பேரும் பூனை மாதிரி நடக்கணும்" என்று அம்மா சொல்லுவாள்.

கம்பெனி போனபின் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் வாங்கினார். கொழும்பில் கடை வைத்திருந்தவர். பலகை பார்க்க நன்றாக இல்லை என்று அதன்மேல் சுண்ணாம்புக் காரை போட்டு, பூப்போட்ட ஓடு பதித்தார். அதுவே பெரிய பாரம். ஆனால் அவர் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சாயங்காலக் காற்றுக்கு ஏறி உட்காருவதோடு சரி. அடுத்து தோணி வைத்திருந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம் வாங்கியது. அவர்கள் டவுனிலேயே இருந்துகொண்டு இதைப் பூட்டியே வைத்திருந்தார்கள். அவர்கள் காலத்தில்தான் நான் காவலுக்கு வந்தேன். பின்கட்டு அறை எனக்கு. வீடு, வேலை, சோறு எல்லாம் அந்தப் பின்கட்டுதான்.

புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த வருடங்கள் அவை. வெளியூரிலிருந்து வந்த இன்ஜினியர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைக்கு வருவார்கள். வழியில் வண்டியை நிறுத்தி, "உள்ளே பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பேன். அவர்கள் கேள்வி கேட்டால் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் மதராஸ் அம்மா ஒருவர் மாடியேறினார். பூ ஓடு, வரிசையாக ஜன்னல், வெளியே கடல். கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுதான் டான்ஸ் ஹாலாப்பா?" என்று கேட்டார்.

இல்லை அம்மா, இலை காயப்போட்ட இடம் என்று சொல்லியிருக்கலாம். எதற்கு இலை, என்ன இலை என்று அடுத்த கேள்வி வரும். பேதி மருந்து என்று ஒரு பெரிய வீட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம். தலையை ஆட்டிவிட்டேன்.

அவ்வளவுதான் செய்தேன், ஒரு தலையாட்டல். அந்த அம்மா முகத்தில் வந்த சந்தோஷம் எனக்குப் பிடித்துப்போனது. அடுத்த வாரம் வந்தவர்களிடம் நானாகவே சொன்னேன், இதுதான் துரைமார் டான்ஸ் ஆடின இடம் என்று. பிறகு, வாத்தியக்காரர்கள் உட்கார்ந்த மூலை இது என்றேன். பூட்ஸ் சத்தம் ரோடு வரை கேட்குமாம் என்றேன். பேசத் தெரியாதவனுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. ஒரு வருடத்தில் ஊரே அதைச் சொன்னது. தோணிக்காரக் குடும்பம் வீட்டை விற்கப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தபோது, "நடன மண்டபத்துடன் கூடிய பழமையான பங்களா" என்று போட்டார்கள். அதைப் படித்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவர் துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிய கான்ட்ராக்டர். சாத்தான்குளத்துக்காரர். முதலாளி என்றே கூப்பிடுவேன். குரல் பெரிது, கோபமும் பெரிது. கெட்டவர் இல்லை. ஒரே மகள். அவள் நிச்சயதார்த்தத்தை அந்த நடன மண்டபத்தில் வைக்க வேண்டும் என்றுதான் வீட்டையே வாங்கினார். வெள்ளை அடித்தார். உத்திரங்களுக்கெல்லாம் காப்பிக் கலரில் எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்.

பெயிண்ட் காய்ந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏலே, நூறு பேர் மேல நின்னா தாங்குமால?"

இரண்டாவது சந்தர்ப்பம் அது. அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னால் நடன மண்டபம் பொய் என்று ஆகிவிடும். பொய் சொன்னவனைப் பின்கட்டில் வைத்திருப்பாரா என்று பயம். ஓடு பதித்திருக்கிறார்களே, பலமாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுபடியும் தலையை ஆட்டினேன்.

நிச்சயதார்த்தம் பகல் பதினொரு மணிக்கு. நூறு பேர் என்றார். நாசரேத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மட்டும் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் மாடிக்குப் போனார்கள். வடக்கு வராந்தாவில் இருக்கிற அதே மரப்படிதான் ஏற இறங்க ஒரே வழி. கீழ் ஹாலில் பந்திக்குப் பாய் விரித்து இலை போட்டிருந்தோம். எனக்கு இலை துடைக்கிற வேலை.

முதல் வரிசையைத் துடைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் அதே இலைகளில் வெள்ளையாக ஏதோ தூவினமாதிரி இருந்தது. மறுபடி துடைத்தேன். மேலே பாட்டு ஆரம்பித்தது. சர்ச்சில் சபையாக எழுந்து நின்று பாடுகிற கீர்த்தனை. இலையில் மறுபடியும் பொடி விழுந்தது. இந்தமுறை அது விழுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

சமையல்காரர் பக்கத்தில் நின்றார். "பல்லி எதையாவது தட்டிவிட்டிருக்கும். தொடைச்சிட்டுப் போவியா, பாத்துக்கிட்டே நிக்க" என்றார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது உத்திரம் மேற்குச் சுவரில் நுழைகிற இடத்தில், பெயிண்ட் படாத வெறும் மரம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. மோதிரம் கழற்றின விரலில் வெளுப்பாக ஒரு வளையம் இருக்குமே, அப்படி. போன மாதம் பெயிண்ட் அடித்தபோது அந்த இடம் சுவருக்குள் இருந்தது. இப்போது வெளியே வந்திருக்கிறது. உத்திரம் சுவரைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. மேலே நூற்றைம்பது பேராவது இருப்பார்கள். எல்லாரும் நிற்கிறார்கள்.

கத்த வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. வாயைக்கூடத் திறந்தேன். அப்போது ஒன்று உறைத்தது. தளம் விழப்போகிறது என்று கத்தினால் நூற்றைம்பது பேரும் ஒரே ஓட்டமாகப் படிக்கு ஓடுவார்கள். அந்த ஓட்டமே தளத்தைக் கீழே தள்ளிவிடும். சாப்பாடு தயார் என்று சொல்லி மெதுவாக இறக்கலாமா? இறக்கினால் எங்கே உட்காருவார்கள்? அதே தளத்துக்கு நேர் கீழே.

நான் மெதுவாகப் பேசுகிறவன். இன்னும் மெதுவாகச் சொன்னேன். "அண்ணாச்சி, எலையெல்லாம் எடுத்து வெளிய களத்துல போடணும்."

"என்னது? வெயில் மண்டையப் பொளக்கு. சம்மந்திக்காரங்கள வெயில்ல உக்கார வச்சா நிச்சயம் இங்கனயே முறிஞ்சு போவும். பொறவு மொதலாளி என்னைய முறிப்பாரு."

நான் ஒரு இலையை எடுத்து நீட்டினேன். அவர் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். "சுண்ணாம்பு" என்றார். பிறகு அவரும் அண்ணாந்து பார்த்தார். நான் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் இரண்டு எட்டு பின்வாங்கினார்.

"சோறு இன்னும் வடிக்கலியே" என்றார்.

"எலைய மட்டும் போடுங்க அண்ணாச்சி. இந்த ஹாலுக்குள்ள ஒரு ஆள் இருக்கக் கூடாது."

அவர் வேறு எதுவும் கேட்காமல் ஆட்களைக் கூப்பிட்டார். நான் படியேறினேன்.

பாட்டு முடிந்து போதகர் ஜெபம் ஆரம்பித்திருந்தார். எல்லாரும் கண்ணை மூடி அசையாமல் நின்றார்கள். அந்தப் போதகர் நீளமாக ஜெபிப்பவர் என்று பெயர் வாங்கியவர். இன்னும் நீள வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். சுவரை ஒட்டி ஒவ்வொரு அடியாக வைத்துப் போனேன். ஓரிடத்தில் ஓடு என் பாதத்துக்குக் கீழே சன்னமாக அமுங்கி எழுந்தது. தோணியில் நிற்பதுபோல இருந்தது. பூனை மாதிரி நடக்கணும் என்று அம்மா சொன்னது காதில் கேட்டது.

யாரிடம் சொல்வது? முதலாளியிடம் சொன்னால் அடுத்த நிமிடம் ரோடு வரை கேட்கும். அதனால் போதகரிடம் போனேன். முழங்கையைத் தொட்டேன். அவர் ஜெபத்தை நிறுத்தாமல் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். காதருகே குனிந்து, "தளம் எறங்குது ஐயா. நடுவுல யாரும் நடக்கப்படாது. செவுரோரமா அஞ்சஞ்சு பேரா எறக்கணும். அவசரப்படுத்துனா எல்லாரும் போயிருவோம்" என்றேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

அவர் குரல் ஒரே ஒரு இடத்தில் தடுக்கியது. பிறகு ஆமென் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவகாசமாகச் சொன்னார். "இன்னைக்கு ஒரு வித்தியாசமான ஒழுங்கு வச்சிருக்கோம். நான் படிக்கட்டுத் தலையில நிக்கேன். குடும்பம் குடும்பமா, செவுரோரமா வரிசையா வாங்க. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலையில கைவச்சு ஜெபம்பண்ணி அனுப்புதேன். ஆசீர்வாதம் விளங்கணும்னா யாரும் முட்டித் தள்ளக் கூடாது. மத்தவங்க நின்ன எடத்துலயே நில்லுங்க."

படிக்கட்டுத் தலை வெளிச்சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறது, தளத்தின்மேல் இல்லை. அது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, சரியான இடத்தைச் சொன்னார்.

ஐந்து ஐந்து பேராக இறங்கினார்கள். நான் சுவரில் முதுகை ஒட்டி நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். வரிசையில் யாரோ போதகரைக் காட்டி, "ஐயரு இன்னைக்குச் சில்லறை வியாபாரம் பாக்காரு" என்றார். "காணிக்கையும் சில்லறையாப் போட்டாப் போச்சு" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். சிரிக்கும்போது தோள் குலுங்குகிறதே என்று எனக்கு உயிர் போய் வந்தது.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு அது ஒரு நாள். கடைசிக் குடும்பத்தோடு போதகரும் இறங்கினார். ஒருவர் மட்டும் மிச்சம். மாப்பிள்ளையின் பெரியப்பா. கனத்த உடம்பு. ஹாலின் நட்டநடுவில் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார்.

"ஐயா, நீங்களும் எறங்கணும்" என்றேன்.

"எனக்குக் கிடைச்ச ஆசீர்வாதமே வீட்ல எடமில்லாமக் கெடக்கு. சோறு ஆனதும் கூப்பிடு, வாரேன்."

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம். முதலாளி. தன் குடும்பத்தோடு இறங்கிப்போய், வெயிலில் கிடந்த வெறும் இலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறி வந்திருக்கிறார்.

"யாருல வெளிய எல போடச் சொன்னது? சம்மந்தி வீட்டுக்காரவுக வெயில்ல நிக்காவ. நீயா சொன்ன?" என்றபடி என்னை நோக்கி நேராக நடுவழியாக வந்தார். அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் கீழே மரம் முனகியது.

"நடக்காதீங்க மொதலாளி" என்றேன். கையையும் நீட்டிவிட்டேன். "அங்கனயே நில்லுங்க."

என்னிடமிருந்து அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. நின்றுவிட்டார்.

"தளம் தாங்காது மொதலாளி. உத்திரம் நழுவிட்டு."

"கிறுக்கு புடிச்சிட்டா உனக்கு? துரைமாரு பூட்ஸ் காலோட ஆடுன தளம்ல இது. நீதான சொன்ன. வாரவன் போறவன்ட்டயெல்லாம் சொன்னேல்லா. நூறு பேர் நிக்கலாம்னு என்ட்டயும் தலைய ஆட்டுனேல்லா." சொல்லிக்கொண்டே ஒரு காலைத் தூக்கினார், தளத்தில் ஓங்கி மிதித்துக் காட்டுவதற்கு.

அந்தக் கால் அந்தரத்தில் இருந்தபோது சொன்னேன். "யாரும் ஆடல மொதலாளி. நான் சொன்னது பொய். இது எல காயப்போட்ட எடம். எங்கம்மா இங்கன வேல பாத்தா. நாலு பேருக்கு மேல ஏறவிட மாட்டாங்க."

அவர் காலை மெதுவாகக் கீழே வைத்தார். என் வேலை போயிற்று, பின்கட்டு போயிற்று, மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முன்னாலேயே என் முதலாளியின் வீட்டைப் பொய் வீடு என்று சொல்லிவிட்டேன் என்று தோன்றியது. அதைவிட, உத்திரம் இந்தக் கணம் போனால் நாங்கள் மூன்று பேரும் போவோம்.

வாத்தியார்தான் பேசினார். நாற்காலிக் கைகளை அழுத்தி, கோழி அடையிலிருந்து எழுவதுபோல மெதுவாக எழுந்தார். "மொதல்ல எறங்குவோம். பொய்யப் பொறவு வெளிய உக்காந்து பேசிக்கிடலாம். எந்த வழியாடே நடக்கணும்?"

நான் சுவரோரத்தைக் காட்டினேன். அவர் போனார், பிறகு முதலாளி, கடைசியாக நான்.

களத்தில் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சோறில்லாத இலை, தலைக்கு நேரே சூரியன். யாரும் உட்காரவில்லை. "வாங்க போவோம், பஸ்ஸ எடுக்கச் சொல்லு" என்று ஒரு குரல் கேட்டது. முதலாளி வேகமாக அவர்கள் முன்னால் போய் நின்றார். நிச்சயத்தன்றே வீடு விழப் பார்த்தது என்று தெரிந்தால் பெண்ணுக்கு ராசியில்லை என்பார்கள். உண்மையையும் சொல்ல முடியாது, பொய்யும் வரவில்லை.

வாத்தியார் தோள் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு முதல் இலையில் போய் உட்கார்ந்தார். "எனக்கு வெயில்ல உக்காந்து சாப்பிடத்தான் இஷ்டம். நான்தான் மாத்தச் சொன்னேன். எவனுக்காவது கஷ்டம்னா குடை புடிச்சிக்கோ" என்றார். பெரியப்பா உட்கார்ந்தபின் யார் நிற்பது? ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

மறுநாள் கொத்தனார் வந்து மூன்றாவது உத்திரத்தின் முனையைப் பார்த்தார். சுவருக்குள் இருந்த பாகம் உப்பு ஏறி, பிசைந்த பனங்கிழங்குபோல மாவாகியிருந்தது. கல்லின்மேல் அரை விரல் அளவுதான் மரம் தங்கி நின்றது. அரை விரல். இன்றும் நான் என் விரலைப் பார்க்கும்போது அந்த அளவு தெரியும்.

அன்று மாலையே என் டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். முதலாளி கூப்பிட்டனுப்பினார். பெட்டியோடு போய் நின்றேன்.

"தளம் ஆடுதுன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திருக்கலாம்லா. பொய் சொன்னத எதுக்குல சொன்ன?"

"நீங்க அந்தப் பொய்ய நம்பித்தான் கால ஓங்குனீய மொதலாளி."

அவர் என் பெட்டியைப் பார்த்தார். "அத அவுத்து வை. வீட்டப் பாக்க வாரவன் ஒவ்வொருத்தன்ட்டயும் இது எல காயப்போட்ட எடம்னு சொல்லணும். உன் வாயால. அதான் உனக்குத் தண்டனை" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வெயிலில் சோறு போட்ட சம்மந்தி என்று நாசரேத்தில் அவரை வருடக்கணக்காகக் கேலி செய்தார்கள். ஏன் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. வாத்தியாரும் சொல்லவில்லை. இருவரும் இப்போது இல்லை. அதனால் நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

உத்திரங்களுக்குப் பதிலாகப் பழைய தண்டவாள இரும்பைப் போட்டார். அதன்பின்தான் வீடு உங்களை வேலைக்கு வைத்திருக்கும் அறக்கட்டளைக்கு வந்து, பாதுகாக்க வேண்டிய கட்டடம் ஆனது. அவர்கள் பழைய விளம்பரத்தைப் பார்த்துப் பலகை எழுதினார்கள். "நடன மண்டபம்" என்றுதான் இருக்கிறது. மூன்று முறை போய்ச் சொன்னேன். இருக்கட்டும், ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்றார்கள். இரும்பு போட்டாலும் அதைத் தாங்குவது அதே பவளக்கல் சுவர், அதே உப்பு. இருபது பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கொத்தனார் சொன்னதை நான் இத்தனை வருடம் படியில் நின்று எண்ணியே காப்பாற்றினேன்.

போன வாரம் என் கணக்கை ஒப்படைக்க வந்திருந்தபோது ஒரு கல்லூரிக் கூட்டம் வந்தது. மாடியில் நின்று ஒரு பெண், "இங்கதான் டான்ஸ் ஆடுனாங்களா?" என்று கேட்டாள். உங்களில் ஒருவர் தலையை ஆட்டினீர்கள். அந்தப் பெண் முகத்தில் சந்தோஷம் வந்தது. நான் கதவோரம் நின்றேன். யார் என்று இங்கே எழுதவில்லை. தலையாட்டியவருக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று. அந்தப் பெண் உடனே தோழிகளை ஆடக் கூப்பிட்டாள். நான் அப்போதும் எண்ணினேன். மாடியில் முப்பத்தேழு பேர் இருந்தார்கள்.